சி நிரலிலிருந்து கணினியின் காலி நினைவகத்தை அறிவது எப்படி: தொடக்கநிலையினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சி கற்கத் தொடங்கியவர்கள் பெரிய அணி ஒன்றை உருவாக்கும் கட்டத்துக்கு வந்ததும் தவறாமல் கேட்கும் கேள்வி இது: கணினியில் எவ்வளவு நினைவகம் மிச்சம் இருக்கிறது என்பதை நிரலே பார்த்துச் சொல்லுமா? சொல்லும். இருபது, முப்பது வரிகளில் எழுதிவிடலாம். ஆனால் அந்த எண்ணை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பது தெரியாவிட்டால், சரியான எண் கையில் இருந்தும் நிரல் பாதியில் செத்துவிழும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். காலி நினைவகம் பற்றிய எண் திட்டமிடுவதற்கு உதவும், அவ்வளவுதான். நினைவகம் கிடைத்ததா இல்லையா என்பதை, அதை ஒதுக்கித் தரும் மாலாக் என்ற செயற்கூறு திருப்பித் தரும் சுட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இதை ஒட்டியே அமைந்திருக்கிறது. ஆகவே இடையில் தாவாமல் படியுங்கள்.

1. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?

"எவ்வளவு நினைவகம் இருக்கிறது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கணினியில் பொருத்தியுள்ள ரேம் எவ்வளவு? இப்போது புதிதாக ஒரு நிரலுக்குக் கொடுக்கக்கூடியது எவ்வளவு? என் நிரல் இதுவரை எடுத்துக்கொண்டது எவ்வளவு? நான் கேட்கப்போகும் அளவு எனக்குக் கிடைக்குமா?

முதல் மூன்றுக்கும் எண் உண்டு. நான்காவதற்கு முன்கூட்டியே விடை கிடையாது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கேள்வியின் விடையை வாங்கி நான்காம் கேள்விக்குப் பொருத்திவிடுகிறார்கள். நிரல் எழுதும் முன் உங்கள் கேள்வி எது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. தொடங்குமுன் தேவையானவை

லினக்ஸ் உள்ள கணினி ஒன்று வேண்டும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எதுவானாலும் சரி. விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வசதியும் போதும். ஆனால் அங்கே தெரிவது லினக்ஸுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு மட்டும். மடிக்கணினியின் முழு ரேமும் தெரியவில்லையே என்று கலங்க வேண்டாம்.

நிரல்பெயர்ப்பியாக (கம்பைலராக) ஜிசிசி. அதை எப்போதும் வால் (-Wall), வெக்ஸ்ட்ரா (-Wextra) என்னும் எச்சரிக்கைத் தெரிவுகளுடன் இயக்குங்கள். இந்தப் பயிற்சியில் நேரும் பிழைகளில் பாதி தரவினப் பொருத்தமின்மை. நிரல்பெயர்ப்பி அதை முதல் தடவையே சுட்டிக்காட்டும். எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தால் அதே பிழை தவறான எண்ணாகத் திரையில் வந்து நிற்கும்.

கோப்பைத் திறந்து வரிவரியாகப் படிக்கவும், சுட்டு வழியாக ஒரு செயற்கூற்றிலிருந்து மதிப்பை வெளியே அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் அந்த இரண்டு பாடங்களை முடித்துவிட்டு வாருங்கள். இங்கே செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன்; நிரலில் வழக்கமான எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

டர்போ சி வைத்துப் பயில்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பாடநூலில் கோர்லெஃப்ட் என்ற செயற்கூறு இருக்கலாம். அது டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் சூழலுக்காக எழுதப்பட்டது. ஸ்மால் என்ற நினைவக மாதிரியில் அது சொல்வது 64 கிலோபைட் தரவுப் பகுதிக்குள் மிச்சமிருப்பதை மட்டுமே. 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் டாஸ்பாக்ஸ் வழியாக இயக்கினாலும் 65536-க்குக் கீழேதான் எண் வரும். செயற்கூறு பழுதாகிவிடவில்லை. அது பார்க்கும் உலகமே அவ்வளவுதான். ஜிசிசியில் அந்தச் செயற்கூறு இல்லை, எனவே அந்த நிரலை இங்கே கொண்டுவர முயல வேண்டாம்.

3. முதலில் கண்ணால் பாருங்கள்

நிரல் எழுதும் முன் விடையை வேறு வழியில் தெரிந்துகொண்டால்தான் நிரல் தரும் விடை சரியா என்று ஒப்பிட முடியும். பலர் இதைத் தாண்டிப் போய்விட்டு, திரையில் வந்த எண் சரியா தவறா என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

டெர்மினலைத் திறந்து, கேட் கட்டளையால் ப்ராக் அடைவில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பைத் திரையில் கொண்டுவாருங்கள். ஐம்பது வரிகள் அளவுக்கு நீளும். மேலே உள்ள மூன்று வரிகள் நமக்குப் போதும்: மெம்டோட்டல், மெம்ஃப்ரீ, மெம்அவெய்லபிள்.

எடுத்துக்காட்டாக, உலாவி ஒன்றும் உரைத்தொகுப்பி ஒன்றும் திறந்திருக்கும் 8 ஜிபி கணினி ஒன்றில் மெம்டோட்டல் 7990000 கேபி, மெம்ஃப்ரீ 410000 கேபி, மெம்அவெய்லபிள் 4300000 கேபி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்படி வருவது மிக இயல்பு. முதல் எண் முழு 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. கணினி தொடங்கும்போதே இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலும் வன்பொருளும் தமக்கென்று ஒரு பகுதியை எடுத்துவைத்துவிடுகின்றன. மெம்டோட்டல் அதைக் கழித்த பிறகு வரும் கணக்கு.

இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் பலரும் பதறுகிறார்கள். 410000 கேபி என்றால் ஏறத்தாழ 400 எம்பி. 8 ஜிபியில் அவ்வளவுதான் மிச்சமா? அப்படி இல்லை. மெம்ஃப்ரீ என்பது எதற்குமே பயன்படாமல் சும்மா கிடக்கும் நினைவகம். ரேமைச் சும்மா போட்டு வைப்பதில் லாபம் இல்லை என்பதால், வட்டிலிருந்து படித்த கோப்புகளின் நகலை லினக்ஸ் அதில் வைத்துக்கொள்கிறது. யாராவது நினைவகம் கேட்டால் அந்த நகல்களில் பெரும்பகுதியை உடனே தூக்கிப் போட்டுவிட்டு இடத்தைக் கொடுத்துவிடும்.

அப்படி விடுவிக்கக்கூடியதையும் சேர்த்து, ரேம் போதாதபோது வட்டில் பயன்படுத்தும் ஸ்வாப் பகுதியின் பக்கம் போகாமல் புதிய நிரலுக்கு எவ்வளவு தரமுடியும் என்று கெர்னலே மதிப்பிட்டுச் சொல்வதுதான் மெம்அவெய்லபிள். நமக்கு வேண்டியது இதுவே. இந்த வரி 2014-இல் வெளிவந்த கெர்னல் 3.14 முதல் இருக்கிறது. அதற்கு முன் மெம்ஃப்ரீயுடன் கேஷ்டு வரியைக் கூட்டிக்கொள்வார்கள். அந்தக் கூட்டலை இன்றும் சில நிரல்களில் பார்க்கலாம். அதைப் பின்பற்ற வேண்டாம். கேஷ்டு என்பதற்குள் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகமும், நினைவகத்திலேயே வாழும் தற்காலிகக் கோப்புகளும் அடக்கம். அவற்றைத் தூக்கிப் போட முடியாது.

அதே டெர்மினலில் ஃப்ரீ கட்டளையையும் ஒருமுறை இயக்குங்கள். அதன் அவெய்லபிள் பத்தியில் இருப்பது இதே எண்தான். அந்தக் கட்டளையும் இதே கோப்பைத்தான் படிக்கிறது.

4. அதே கோப்பை நிரலால் படியுங்கள்

வேலையின் நடுப்பகுதி இது. பொதுவாக எழுதிவிட்டால் பிறகு வேறு கோப்புக்கும் இதே செயற்கூறு உதவும். அதற்கு மூன்று அளபுருக்கள் கொடுங்கள்: கோப்பின் பெயர், தேடும் வரியின் பெயர், விடையை வைக்க ஒரு சுட்டு. கிடைத்தால் 1, கிடைக்காவிட்டால் 0 திருப்பி அனுப்பட்டும்.

விடையையே நேரடியாகத் திருப்பி அனுப்பி, கிடைக்காவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஸ்வாப் இல்லாத கணினியில் ஸ்வாப்டோட்டல் வரியில் உண்மையாகவே 0 இருக்கும். அப்போது அந்த 0 விடையா, தோல்வியா என்று பிரித்தறிய வழி இல்லாமல் போகும். வெற்றி தோல்வி ஒரு பாதையிலும் விடை இன்னொரு பாதையிலும் வரட்டும்.

செயற்கூற்றின் உள்ளே முதல் வேலை, எஃப்ஓப்பன் வழியாகப் படிக்கும் முறையில் கோப்பைத் திறப்பது. திருப்பித் தந்தது நல் (வெற்றுச் சுட்டு) என்றால் அங்கேயே 0 அனுப்பி வெளியேறுங்கள். ப்ராக் அடைவே இல்லாத கணினியில், மேக்ஓஎஸ் போன்றவற்றில், நிரல் விழாமல் இருக்க இந்த ஒரு சோதனைதான் காவல்.

அடுத்து 256 எழுத்துகள் கொள்ளும் வரி அணி ஒன்றை அறிவித்து, எஃப்கெட்ஸ் நல் தரும்வரை சுழலும் வொயில் மடக்கு எழுதுங்கள். மெம்இன்ஃபோவின் வரிகள் குட்டையானவை, 256 தாராளம். கோப்பின் அளவை முதலில் கண்டுபிடித்து, அதற்கேற்ப இடம் ஒதுக்கி, மொத்தமாகப் படிக்கும் முறையை வகுப்பில் கற்றிருப்பீர்கள். அது இங்கே பலிக்காது. வட்டில் இப்படி ஒரு கோப்பு கிடையாது, நீங்கள் படிக்கும் நொடியில்தான் கெர்னல் அதை எழுதித் தருகிறது. எல்எஸ் கட்டளையால் பார்த்தால் அதன் அளவு 0 என்று இருக்கும்.

மடக்கினுள், வரி நாம் தேடும் பெயரில் தொடங்குகிறதா என்று ஸ்ட்ரின்கம்ப் கொண்டு ஒப்பிடுங்கள். தேடும் பெயரின் நீளத்தை ஸ்ட்ரிலென் சொல்லும். அத்தனை எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். இந்த ஒரு வரியில்தான் தடுமாற்றங்கள் மொத்தமாக வந்து குவிகின்றன.

ஸ்ட்ரின்கம்ப் இரண்டும் ஒன்றாக இருந்தால் 0 தரும். இஃப் கூற்றுக்குள் அதை அப்படியே போட்டுவிட்டால், பொருந்தாத முதல் வரியையே பொருந்தியதாக எடுத்துக்கொள்ளும். மெம்அவெய்லபிள் கேட்ட இடத்தில் மெம்டோட்டல் வரியைப் பிடித்துக்கொண்டு வரும் நிரல்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். 0-க்குச் சமமா என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

தேடும் பெயரில் இறுதியில் வரும் முக்காற்புள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்டிவ் என்று மட்டும் தேடினால் அதே சொல்லில் தொடங்கி அடைப்புக்குறியுடன் நீளும் வேறு இரண்டு வரிகளும் பொருந்தும். முக்காற்புள்ளி இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை. மெம்அவெய்லபிள் என்பதில் இரண்டு பெரிய எழுத்துகள் உண்டு: எம், ஏ. நடுவில் இடைவெளி கிடையாது. ஒரு எழுத்து மாறினாலும் பிழைச்செய்தி எதுவும் வராது, செயற்கூறு பேசாமல் 0 அனுப்பிவிடும்.

மூன்றாவது வரியில்தானே இருக்கிறது, எண்ணிப் படித்துவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். பழைய கெர்னலில் மூன்றாவது வரி பஃபர்ஸ். பெயரைக் கொண்டு தேடும் நிரல் அங்கே "கிடைக்கவில்லை" என்று நேர்மையாகச் சொல்லும். வரி எண்ணைக் கொண்டு தேடும் நிரல் தவறான எண்ணை நம்பிக்கையோடு கொடுக்கும். இரண்டாவது வகைப் பிழைதான் ஆபத்தானது.

பொருந்திய வரியில் பெயரைத் தாண்டிய இடத்திலிருந்து எஸ்ஸ்கேன்எஃப் கொண்டு எண்ணை எடுங்கள். வரியின் தொடக்கச் சுட்டுடன் பெயரின் நீளத்தைக் கூட்டினால் அந்த இடம் வந்துவிடும். எண்ணுக்கு முன் உள்ள இடைவெளிகளை எஸ்ஸ்கேன்எஃப் தானே தாண்டிக்கொள்ளும். அது 1 தந்ததா என்று பாருங்கள். ஒரு எண்ணைப் படித்தேன் என்று அதற்குப் பொருள். விடைக்கான சுட்டு ஏற்கெனவே முகவரி என்பதால் அதன் முன் முகவரிக் குறி போடக் கூடாது. சாதாரண மாறியில் வாங்கினால் போட வேண்டும்.

எண் கிடைத்ததும் மடக்கை விட்டு வெளியேறுங்கள், எஃப்குளோஸ் செய்யுங்கள், பிறகு திருப்பி அனுப்புங்கள். மடக்கின் உள்ளிருந்தே ரிட்டர்ன் எழுதிவிட்டால் கோப்பு மூடப்படாமல் கிடக்கும். ஒருமுறை அழைத்தால் தெரியாது. நொடிக்கொரு தடவை அழைக்கும் நிரலில், திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும், அதுவரை நன்றாக ஓடிய எஃப்ஓப்பன் திடீரென்று நல் தரத் தொடங்கும்.

5. அலகும் தரவினமும்

கோப்பில் கேபி என்று எழுதியிருப்பது 1024 பைட். 1000 என்று கொண்டு கணக்கிட்டால் ஜிபி அளவில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு பிசகும்.

விடையை வைக்கும் மாறி அன்சைன்ட் லாங் லாங் ஆக இருக்கட்டும், அச்சிட %எல்எல்யூ. இன்ட் போதாதா? 16 ஜிபி என்பது 16777216 கேபி. இன்ட் இதைத் தாங்கும். அதையே 1024-ஆல் பெருக்கிப் பைட்டாக மாற்றும்போது 17179869184 வரும். 32 பிட் இன்ட் தாங்கும் உச்சம் 2147483647. சிறிய ரேம் உள்ள கணினியில் சரியாக ஓடிய நிரல் பெரிய கணினியில் எதிர்மறை எண் காட்டும் விந்தைக்குக் காரணம் இதுதான். லாங் போட்டால் 64 பிட் லினக்ஸில் தப்பிக்கலாம். ஆனால் 64 பிட் விண்டோஸிலும் லாங் 32 பிட்தான், எனவே முதலிலிருந்தே லாங் லாங் என்று பழகிக்கொள்ளுங்கள்.

ஜிபியில் காட்ட வேண்டுமானால் 1048576.0 என்று புள்ளியுடன் வகுங்கள். முழு எண்ணால் வகுத்தால் 4300000 கேபி வெறும் 4 ஆகிவிடும். புள்ளியுடன் வகுத்தால் 4.10 வரும்.

இப்போது நிரலை இயக்கி, உடனே ஃப்ரீ கட்டளையையும் இயக்கி ஒப்பிடுங்கள். சில ஆயிரம் கேபி வேறுபடலாம். பின்னணியில் ஓடும் நிரல்கள் நொடிக்கு நொடி நினைவகத்தை வாங்குவதும் விடுவிப்பதுமாக இருப்பதால் அப்படி வரும். இரண்டு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று வேறுபட்டால் அலகைச் சரிபாருங்கள்.

6. குறுக்குவழிகள் ஏன் போதவில்லை

கோப்பு எதற்கு, சிஸ்இன்ஃபோ என்ற செயற்கூறு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, மொத்த ரேமை அறிய அது நல்ல வழி. அதன் கட்டுருவில் (ஸ்ட்ரக்ட்) ஃப்ரீரேம் என்ற உறுப்பு உண்டு. ஆனால் அது மெம்ஃப்ரீயின் இணை, மெம்அவெய்லபிளின் இணை அதில் இல்லை. மேலும் அதன் எண்கள் பைட் அல்ல, மெம்_யூனிட் என்ற உறுப்பால் பெருக்க வேண்டும். பல கணினிகளில் அந்த உறுப்பின் மதிப்பு 1 என்பதால் பெருக்காமல் விட்டாலும் விடை சரியாகத் தெரியும். வேறு கணினிக்குப் போகும்போதுதான் பிசகும்.

சிஸ்கான்ஃப் வழியாகப் பக்கங்களின் எண்ணிக்கையையும் பக்க அளவையும் வாங்கிப் பெருக்கும் முறையும் அப்படியே. அதுவும் வெறுமே கிடப்பதைத்தான் காலி என்று சொல்கிறது.

7. கேட்டதும் கிடைப்பதும்

எண் வந்துவிட்டது. இனி மாலாக். இங்கே நிதானமாக ஒரு சோதனை செய்யுங்கள். இந்தப் பொருளில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கற்றுத்தருவது இதுதான்.

நான்காம் படியில் எழுதிய செயற்கூற்றையே ப்ராக் அடைவின் செல்ஃப் என்ற உள்ளடைவில் உள்ள ஸ்டேட்டஸ் கோப்பின் மீது ஏவுங்கள். அதில் விஎம்சைஸ் என்ற வரி உங்கள் நிரல் கேட்டு வாங்கிய முகவரிப் பரப்பு. விஎம்ஆர்எஸ்எஸ் என்ற வரி உண்மையில் ரேமில் உட்கார்ந்திருக்கும் அளவு. இரண்டையும், கூடவே மெம்அவெய்லபிளையும், மூன்று இடங்களில் அச்சிடுங்கள்: மாலாக்குக்கு முன், 512 எம்பி மாலாக் செய்த பின், அந்த இடம் முழுவதையும் மெம்செட் கொண்டு 1 என்ற மதிப்பால் நிரப்பிய பின்.

மாலாக் முடிந்த உடனே விஎம்சைஸ் 524288 கேபி அளவுக்கு எகிறும். விஎம்ஆர்எஸ்எஸ் அசையாது. மெம்அவெய்லபிளும் அசையாது. மெம்செட் ஓடிய பிறகே விஎம்ஆர்எஸ்எஸ் ஏறும், மெம்அவெய்லபிள் இறங்கும். திருமண மண்டபத்துக்கு முன்பணம் கட்டித் தேதியைப் பிடித்து வைப்பதைப் போன்றதுதான் மாலாக். அன்று காலை ஆட்கள் உள்ளே வரும்வரை நாற்காலிகள் நிரம்புவதில்லை. லினக்ஸ் ஒவ்வொரு பக்கத்தையும், அதாவது வழக்கமான கணினிகளில் 4096 பைட் கொண்ட துண்டை, நீங்கள் முதன்முதலில் எழுதும்போதுதான் ரேமில் பொருத்துகிறது.

இந்தச் சோதனைக்கு மட்டும், மேம்படுத்தலை அணைக்கும் ஓ0 (-O0) என்ற தெரிவுடன் நிரல்பெயர்ப்பு செய்யுங்கள். மேம்படுத்தலை முடுக்கிவிட்டால், பயன்படுத்தாத மாலாக்கை ஜிசிசி அடியோடு நீக்கிவிடும் வாய்ப்பு உண்டு. நிரப்பும் மதிப்பு 0 ஆக இருந்தால் மாலாக்கையும் மெம்செட்டையும் சேர்த்து காலாக் என்று மாற்றிவிடவும் கூடும். 1 என்று சொன்னதற்கு அதுவே காரணம்.

இதைப் பார்த்த பிறகு, இணையத்தில் உலவும் ஒரு தந்திரம் ஏன் தவறு என்று உங்களுக்கே புரியும். நல் வரும்வரை மாலாக்கை மடக்கில் அழைத்து, எத்தனை முறை கிடைத்தது என்று எண்ணினால் காலி நினைவகம் தெரிந்துவிடும் என்பது அந்தத் தந்திரம். லினக்ஸின் இயல்பான அமைப்பில், வெளிப்படையாக அளவுமீறிய ஒற்றைக் கோரிக்கைகளை மட்டுமே மாலாக் மறுக்கும். ஒவ்வொரு ஜிபியாகக் கேட்டால் 8 ஜிபி கணினியிலும் நூற்றுக்கணக்கான ஜிபி "கிடைக்கும்". அந்த எண் முகவரிப் பரப்பின் எல்லையைச் சொல்கிறதே தவிர, ரேமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்படி வாங்கியதை நிரப்பத் தொடங்கினால் கணினி முதலில் ஸ்வாப்பில் சிக்கித் திணறும், பிறகு கெர்னல் ஏதோ ஒரு நிரலைக் கொன்று நினைவகத்தை மீட்கும். உங்கள் நிரல் கொல்லப்பட்டால் டெர்மினலில் கில்டு என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சும்; வெளியேற்ற எண் 137. நல் சோதனை அங்கே உதவாது, ஏனென்றால் நல் வரவே இல்லை. சேமிக்காத வேலை திறந்திருக்கும் கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

8. தோல்வியை வரவழைத்துப் பாருங்கள்

மாலாக் நல் தரும்போது உங்கள் நிரல் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ரேமை நிரப்பத் தேவையில்லை. பாஷ் என்று தட்டிப் புதிய ஷெல் ஒன்றைத் திறந்து, அதில் யூலிமிட் கட்டளையை வி தெரிவுடனும் 500000 என்ற எண்ணுடனும் கொடுங்கள். அந்த எண்ணின் அலகு கேபி. இனி அந்த ஷெல்லில் ஓடும் எந்த நிரலும் ஏறத்தாழ 490 எம்பிக்கு மேல் முகவரிப் பரப்பு பெற முடியாது.

அங்கே 1 ஜிபி மாலாக் செய்யும் நிரலை இயக்குங்கள். நல் வரும். பிழைச்செய்தி அச்சிடும் பீஎரர் செயற்கூற்றை அழைத்தால் நினைவகம் ஒதுக்க இயலவில்லை என்ற செய்தியும் வரும். சோதனை முடிந்ததும் எக்ஸிட் கொடுத்து அந்த ஷெல்லை மூடுங்கள். இறக்கிய வரம்பைச் சாதாரணப் பயனர் மீண்டும் உயர்த்த முடியாது, அதனால்தான் புதிய ஷெல்லில் செய்யச் சொன்னேன். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் வசதியைச் சேர்த்து நிரல்பெயர்ப்பு செய்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அது தொடக்கத்திலேயே பெரும் முகவரிப் பரப்பைக் கேட்பதால், உங்கள் மாலாக் வரும் முன்பே நிரல் நின்றுவிடும்.

நல் வந்த அதே ஓட்டத்தில் மெம்அவெய்லபிளையும் அச்சிட்டுப் பாருங்கள். அது 4 ஜிபிக்கு மேல் என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஏழாம் படியில், இல்லாத நினைவகத்தை மாலாக் தந்தது. இங்கே இருக்கும் நினைவகத்தை மறுக்கிறது. மெம்இன்ஃபோ கணினியின் நிலையைச் சொல்கிறது. உங்கள் நிரலுக்கு விதித்த வரம்பு அதற்குத் தெரியாது. நிரலைத் தனிச் சூழலில் அடைத்து இயக்கும் டாக்கர் போன்ற கன்டெய்னர்களிலும் இதே கதைதான். உள்ளே படித்தாலும் மெம்இன்ஃபோ பொதுவாக முழுக் கணினியின் எண்களையே காட்டும். கன்டெய்னருக்கு உரிய வரம்பு, நிரல் குழுக்களுக்குக் கெர்னல் வரம்பு விதிக்கும் வசதியான சிகுரூப்பின் அடைவில், இரண்டாம் பதிப்பானால் மெமரி.மேக்ஸ் என்ற கோப்பில் இருக்கும்.

9. எண்ணை வைத்து எப்படி முடிவெடுப்பது

என் நடைமுறை இது. தேவையான அளவைக் கணக்கிடுகிறேன். அது மெம்அவெய்லபிளில் பாதிக்கு மேல் போனால் முழுவதையும் ஒரே நேரத்தில் ஏற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, துண்டு துண்டாகப் படித்து முடிக்கும் வழிக்கு மாறுகிறேன். பாதி என்பது விதி ஒன்றும் அல்ல. நீங்கள் எண்ணைப் படித்த நொடிக்கும் பயன்படுத்தும் நொடிக்கும் இடையில் உலாவியில் நான்கு தாவல்கள் திறந்துவிடலாம் என்பதால் விட்டுவைக்கும் இடைவெளி. பாதிக்குள் அடங்கினால் மாலாக் அழைத்து, நல் சோதித்து, தொடர்கிறேன். எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நல் சோதனையை விடுவதில்லை.

தேவையான அளவைக் கணக்கிடும் இடத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. 50000 வரிசை, 50000 நெடுவரிசை கொண்ட இன்ட் அணி வேண்டும் என்று வையுங்கள். இரண்டும் இன்ட் மாறிகளானால், அவற்றின் பெருக்கம் 2500000000 இன்ட்டின் உச்சத்தைத் தாண்டிவிடும். பிறகு சைஸ்ஆஃப் கொண்டு பெருக்கினாலும் கெட்டது கெட்டதுதான். சைஸ்ஆஃபை முதலில் எழுதி, அதன் பின் வரிசையையும் நெடுவரிசையையும் பெருக்குங்கள். பெருக்கல் இடமிருந்து வலமாக நடப்பதால் முதல் அடியிலேயே கணக்கு சைஸ்_டி தரவினத்துக்கு மாறிவிடும், 64 பிட் கணினியில் 10000000000 பைட் என்ற சரியான விடை கிடைக்கும்.

ரேம் ஏராளமாக இருந்தும் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்தால், அணியை மெயின் செயற்கூற்றுக்குள் உள்ளக மாறியாக அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உள்ளக மாறிகள் அடுக்கில் (ஸ்டேக்) வாழ்கின்றன, லினக்ஸில் அதன் வழக்கமான வரம்பு 8 எம்பி. 30 லட்சம் இன்ட் என்றால் 12 எம்பி. மெம்அவெய்லபிள் என்ன சொன்னாலும் அது அடுக்கில் அடங்காது, மாலாக்குக்கு மாற்றுங்கள்.

10. விண்டோஸில்

விண்டோஸில் ப்ராக் அடைவு இல்லை. விண்டோஸ் தலைப்புக் கோப்பைச் சேர்த்து, மெமரிஸ்டேட்டஸ்இஎக்ஸ் என்ற கட்டுருவில் ஒரு மாறியை அறிவித்து, அதன் முகவரியை குளோபல்மெமரிஸ்டேட்டஸ்இஎக்ஸ் செயற்கூற்றுக்குக் கொடுங்கள். அழைக்கும் முன் கட்டுருவின் டிடபிள்யூலெங்த் உறுப்பில் அந்தக் கட்டுருவின் சைஸ்ஆஃப் மதிப்பை வைத்தே ஆக வேண்டும். இதை மறந்தால் செயற்கூறு தோல்வியடைந்து 0 தரும், திருப்பித் தந்ததைப் பார்க்காதவர்கள் கட்டுருவில் கிடக்கும் குப்பை எண்களை அச்சிட்டுக்கொண்டிருப்பார்கள்.

மொத்தம் யுஎல்எல்டோட்டல்ஃபிஸ் உறுப்பில், கிடைக்கக்கூடியது யுஎல்எல்அவெய்ல்ஃபிஸ் உறுப்பில். இரண்டும் பைட் கணக்கு. லினக்ஸ் நிரலிலிருந்து 1024-ஆல் பெருக்கும் வரியை அப்படியே எடுத்துவந்தால் ஆயிரம் மடங்கு கூடிவிடும். பெயரின் இறுதியில் இஎக்ஸ் இல்லாத பழைய செயற்கூறும் ஒன்று உண்டு. 4 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினியில் அது தவறான எண் தரக்கூடும், தொட வேண்டாம். ஜிசிசியின் விண்டோஸ் வடிவமான மின்ஜிடபிள்யூவின் பழைய பதிப்பில் %எல்எல்யூ அச்சிடும்போது எண் சிதைந்தால், அங்கே %ஐ64யூ என்று எழுதிப் பாருங்கள்.

ஒப்பிட்டுச் சரிபார்க்க, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கி, அவெய்லபிள் என்ற எண்ணை உங்கள் நிரலின் விடைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.